பேரேட்டில் இல்லாத ஊர்

ஓர் ஊரின் பெயரை ஆயிரக்கணக்கான முறை எழுதிய கை, அவ்வூர் மண்ணை ஒருமுறையேனும் தொடாமலிருத்தல் கூடுமோ? கூடும் என்பதற்கு நமது கையே சான்று. ஜொகூர் மாநிலத்தில், கூலாய் நகருக்கு அப்பால் உள்ள ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் நாம் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். உத்தியோகத்துக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தோட்டத்து ஆலையில் பிழிந்த எண்ணெயை ஏற்றிக்கொண்டு லாரி புறப்படும்போதெல்லாம், அதன் எடையையும் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்து, சேருமிடம் என்னும் கட்டத்தில் 'பாசீர் கூடாங்' என்று எழுதிக் கையொப்பமிடுதல் நமது அன்றாட வேலைகளுள் ஒன்று. லாரி வாயிலைக் கடந்துவிட்டால் நமது கடமை தீர்ந்தது. அந்த எண்ணெய் எங்கே இறங்கிற்று, எவர் கையில் சேர்ந்தது, அவ்வூரில் மனிதர் எவ்வாறு வாழ்கின்றனர் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. நம்மளவில் பாசீர் கூடாங் என்பது ஒரு கட்டத்துக்குள் அடங்கிய இரண்டு சொற்கள், அவ்வளவே.

இதற்கு நமது படிப்பும் ஒரு காரணமாகும். நம் பாட்டனார் பால்மரம் வெட்டியவர். நம் தந்தையார் சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டு, நம்மையும் அங்கேயே ஓர் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டார். விடியுமுன் எழுந்து, பஸ் ஏறி, 1923-ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கிய அந்த ஜொகூர்ப் பாலத்தை உறக்கக் கண்களோடு கடந்து, இருட்டியபின் திரும்புவோம். மான்செஸ்டரில் பஞ்சாலைகள் எவ்வாறு பெருகின, லிவர்பூலில் கப்பல்துறை எவ்வாறு வளர்ந்தது என்பனவற்றையெல்லாம் பரீட்சைக்கு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினோம். நமது வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆலைநகரம் எழும்பி நின்றதைப் பற்றி நம்மை எவரும் கேட்கவில்லை. நாமும் எவரையும் கேட்கவில்லை.

இவ்வாறிருந்த நாம் அவ்வூருக்குச் சென்று கால்நடையாகத் திரிய நேர்ந்தது, ஊர் பார்க்கும் ஆவலால் அன்று. நாம் செய்த குற்றமொன்று நம்மை அங்கே இழுத்துச் சென்றது. அதனை முதலிலேயே சொல்லிவிடுதல் முறையாகும்.

இரண்டாண்டுகளுக்கு முன் நமது காரியாலயத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நமது தோட்டத்துப் பழைய தொழிலாளி. 1974 முதல் 1998 வரை இங்கே உழைத்தவர். அவர் வேலை செய்த பிரிவின் நிலம் வீடு கட்ட விற்கப்பட்டபோது, மற்றக் குடும்பங்களோடு அவரும் வெளியேறினார். அவருடைய ஆரம்ப வருடங்களின் சேமநிதிப் பணம் வேறொரு பெயரில் கட்டப்பட்டிருந்தது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று தோட்டத்திலிருந்து ஒரு சான்றுக் கடிதம் கிடைத்தால் அந்தப் பணம் தமக்குக் கிடைக்கும் என்றும், தயவு செய்து தேடிப் பார்க்க வேண்டும் என்றும், தமிழில், குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தார். அடையாளக் கார்டில் உள்ளபடி தம் பெயரை ஆங்கிலத்திலும் குறித்திருந்தார். நாம் அந்த ஆங்கில எழுத்தின் கீழ் அட்டவணையைப் புரட்டினோம். பெயர் இல்லை. 'இப்பெயருடையார் எவரும் நமது ஏடுகளில் காணப்படவில்லை' என்று நான்கு வரி தட்டெழுதி, முத்திரை குத்தித் தபாலில் சேர்த்தோம். இதற்கு நமக்குப் பிடித்த நேரம் பத்து நிமிடம்.

சென்ற மாசி மாதத்தில் பண்டகசாலையில் கறையான் கண்டதால், பழைய செக்ரோல்களை வேறு அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. தூசு தட்டிக்கொண்டே ஒன்றைப் பிரித்தபோது அவர் நம்முன் நின்றார். அவர் பெயர் தமிழில் 'ஞா' என்னும் எழுத்தில் தொடங்குவது. ஆங்கிலத்தில் அவ்வெழுத்து இல்லை. ஆகவே 1974-இல் இருந்த கிராணி ஒருவர் அதை 'என்' என்னும் எழுத்தில் தொடங்கி எழுதினார். அவருக்குப் பின் வந்தவர் 'ஒய்' என்று எழுதினார். அடையாளக் கார்டு எழுதியவரோ 'ஜி' என்று எழுதிவிட்டார். தகப்பன் பெயரும், பழைய கார்டு எண்ணும் எல்லா இடத்தும் ஒத்திருந்தன. ஒரே மனிதர், மூன்று கிராணிகளின் மூன்று பேனாக்களால் மூவராகப் பிளக்கப்பட்டு, நான்காவது கிராணியாகிய நம்மால் ஒருவருமில்லை என்று தள்ளப்பட்டார்.

சான்றுக் கடிதத்தை அன்றே எழுதி மானேஜரிடம் கையொப்பம் வாங்கினோம். தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆயினும், அவர் இல்லையென்று தபாலில் சொன்ன நாம், உண்டு என்பதையாவது நேரிற் சென்று சொல்ல வேண்டுமென்று நமக்குப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டு, லார்க்கின் பஸ் நிலையத்தில் வண்டி மாறி, கடிதத்தில் கண்ட விலாசத்தின்படி தாமான் பாசீர் பூத்தேயில் இறங்கினோம்.

ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, ஜொகூர் நீரிணையின் கரையில் உள்ளது பாசீர் கூடாங். மீனவர் குடியிருப்புகளும் தோட்டங்களுமாக இருந்த பகுதி அது. 1968-இல் அமைக்கப்பெற்ற மாநிலப் பொருளாதார வளர்ச்சிக் கழகம் அங்கே தொழிற்பேட்டை வகுத்தது. 1977-இல் ஜொகூர்த் துறைமுகம் வேலை தொடங்கிற்று. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. 2020-இல் அதற்கு மாநகர் என்னும் அந்தஸ்தும் கிடைத்தது. பெயரைக் கவனித்தால் நமக்கு ஓர் உறவும் புலப்படும். 'பாசீர்' என்றால் மணல். 'கூடாங்' என்றால் பண்டகசாலை. நமது 'கிடங்கு' என்னும் சொல்லே, அதன் தெலுங்கு உறவோடு கப்பலேறி வந்து, மலாயில் 'கூடாங்' என்றும் ஆங்கிலத்தில் 'கோடவுன்' என்றும் ஆயிற்றென்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. பன்னிரண்டு ஆண்டுகளாக நாம் அந்தக் கட்டத்தில் எழுதி வந்தது ஒரு தமிழ்ச் சொல்லின் பேரன் என்பதை, பஸ் நிறுத்தத்தின் பலகையடியில் நின்றபோதுதான் நினைத்தோம்.

குடியிருப்புக்குப் போகும் வழியில் கிம் கிம் ஆற்றைப் பார்த்தோம். ஆறு என்று சொல்லுமளவு பெரிதன்று. சேறும் அலையாத்தி மரங்களும் சூழ, மந்தமாய் ஓடுகின்ற சிறு நீர். இதன் பெயரை 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாடு முழுவதும் கேட்டது. எவரோ கொட்டிய இரசாயனக் கழிவிலிருந்து நச்சுக் காற்று எழுந்து, பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தனர். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மறுபடியும் பிள்ளைகள் நோயுற்றனர். அந்நாட்களில் நாம் தோட்டத்தில் பத்திரிகையைப் படித்துவிட்டு, பாதை அடைபட்டால் லாரி தாமதிக்குமே என்றுதான் கவலைப்பட்டோம். இப்பொழுது கரையில் நின்று பார்க்கையில், நீரில் ஒரு கொக்கு நின்றது. எதிர்ப்புறத்தில் ஒருவர் தூண்டில் போட்டிருந்தார். பள்ளிக்கூடத்தின் கொடிமரம் மிக அருகில் தெரிந்தது. எவ்வளவு அருகில் என்பதைச் செய்தியைப் படித்தவர் உணர்ந்திருக்க மாட்டார். நடந்து வந்தவர்க்கே அது விளங்கும்.

நான்காம் மாடியில் விலாசத்து வீடு. கதவைத் திறந்த அம்மையார், "யாருப்பா தம்பி? அவரைப் பார்க்க வந்தியா? அவரு வேலைக்குப் போயிட்டாரு. உள்ள வந்து தண்ணி குடி" என்றார். நாம் இன்ன தோட்டத்துக் கிராணி என்றோம். அந்த நொடியில் அம்மையாரின் கை முந்தானையைத் தேடிற்று. "ஐயா, உட்காருங்க ஐயா" என்று நாற்காலியைத் துடைத்தார். தோட்டத்தை விட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், நம்மைவிட முப்பது வயது மூத்த அவ்வம்மையாருக்கு, கிராணி என்ற ஒரு சொல்லில் 'தம்பி' 'ஐயா'வாகிவிட்டான். நமக்கு வெட்கமாயிருந்தது. தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, பெரியவர் ஜாகாவாக வேலை செய்யும் ஆலை எங்கேயென்று கேட்டோம். "இரும்பு ரோட்டைத் தாண்டி" என்றார். நடந்தால் ஒரு மணி நேரமாகும் என்றும், அங்கே யாரும் நடப்பதில்லை என்றும் சொன்னார்.

யாரும் நடப்பதில்லை என்பது மெய்யே. தொழிற்பேட்டைக்குள் நடைபாதையே இல்லை. லாரிகள் வீசும் புழுதியில், சாலைக்கும் கால்வாய்க்கும் இடையே உள்ள புல்வரம்பின்மேல் ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டும். அங்குள்ள வீதிகளுக்கு மனிதர் பெயர் கிடையாது. உலோகங்களின் பெயரே உண்டு. ஜாலான் பெசி என்பது இரும்புச் சாலை. ஜாலான் தெம்பாகா செம்புச் சாலை. ஜாலான் தீமா ஈயச் சாலை. பொன்னின் பெயராலும் சாலை உண்டு. ஆலைகளுக்கோ மனை எண்கள். இதைக் கண்டு முதலில் நகைத்தோம். பின்பு, நமது தோட்டத்தில் காடுகளுக்கு நடவு ஆண்டையும் நம்பரையும் தவிர வேறு பெயருண்டா என்று எண்ணி நகைப்பை அடக்கிக்கொண்டோம்.

சற்றுத் தூரம் சென்றதும், எதிர்பாராத ஒரு மணம் வந்தது. ஆலைப் புகையின் நாற்றத்துக்கு நடுவே, நெய் காய்ச்சுகின்ற வீட்டின் முன்னால் நிற்பதுபோன்ற மணம். வேலிக்கப்பால் வெள்ளைத் தொட்டிகள் மாடமாளிகைபோல் வரிசையாய் நின்றன. நமது எண்ணெய் இங்குதான் வருகிறது! தோட்டத்தில் நூறு டன் குலை வெட்டினால் ஏறக்குறைய இருபது டன் எண்ணெய் கிடைக்கும் என்பதோடு நமது கணக்கு முடிந்துவிடும். அதன் பிற்பாடு நடப்பனவற்றை அன்று வேலிக்கு வெளியே நின்று ஒரு லாரிக்காரரிடம் கேட்டறிந்தோம். செவ்வெண்ணெய் குளிர்ந்தால் உறைந்துவிடும்; ஆதலின் தொட்டிக்குள் நீராவிக் குழாய் ஓட்டி அதை வெதுவெதுப்பாகவே வைத்திருப்பார்கள். மண் சேர்த்து வடிகட்டி நிறத்தை எடுப்பார்கள். காற்றை வாங்கிவிட்ட கலத்தில் இருநூறு பாகைக்கு மேல் சூடேற்றி வாசனையை நீக்குவார்கள். ஆறவிட்டுப் பிழிந்து, தெளிவையும் உறைவையும் பிரிப்பார்கள். தெளிவு பலகாரச் சட்டிக்குப் போகும். உறைவு சோப்புக்கும் மார்ஜரினுக்கும் போகும். "பாதி உலகம் இதுலதான் ஐயா குளிக்குது" என்று லாரிக்காரர் சிரித்தார். நமது முகத்தை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நாமோ அவர் வண்டி எண்ணைக் கண்டதும் அறிந்தோம். வாரந்தோறும் நாம் எழுதுகின்ற எண் அது. அவர் பெயரை அன்றுதான் கேட்டோம்.

தொட்டிகளைத் தாண்டியபின், ஓர் ஆலையின் வேலிக்கும் மற்றோர் ஆலையின் வேலிக்கும் நடுவே, எவரும் பயன்படுத்தாத ஒரு துண்டு நிலம் இருந்தது. லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதன் நடுவில் முருங்கை மரங்கள் நின்றன. முருங்கை தானாய் முளைத்து வரிசையில் நிற்பதில்லை. எண்ணினோம்: எட்டு மரங்கள், ஒரே நேர்கோட்டில். காலால் அளந்தோம்: மரத்துக்கு மரம் ஏறக்குறைய பன்னிரண்டு அடி. கிராணியாய் இருப்பதில் ஒரு பயன் உண்டு. கணக்கு கண்ணில் படும். லயத்து வீடுகளின் கொல்லைப்புறம் அது! வீட்டுக்கு ஒன்றாக எவரோ ஊன்றிய முருங்கைக் கொம்புகள், வீடு போனபின்னும் வெட்ட வெட்டத் துளிர்த்து நிற்கின்றன. தேடியபோது ஒரு கறிவேப்பிலைச் செடியும், மூன்று சிமெந்துப் படிகளும் அகப்பட்டன. படியேறினால் மேலே ஒன்றுமில்லை, ஆகாயந்தான். அரசமரத்தடியில் ஒரு கல் நட்டு, மஞ்சள் பூசி, அண்மையில் யாரோ எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்கள். அக்கல்லில் தெய்வம் உண்டா இல்லையா என்னும் வழக்கை நாம் இவ்விடத்தில் எடுக்கவில்லை. கல்லை நட்டவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதில் வழக்கில்லை. அந்த எட்டுக் குடும்பங்களின் பெயரும் எந்தக் கிராணியின் ஏட்டிலோ, எந்த எழுத்தின் கீழோ கிடக்கும்; அன்றிக் கறையானுக்கு இரையாகியிருக்கும்.

அடுத்த திருப்பத்தில் தொழிலாளர் விடுதி. வங்காளதேசத்தார், நேப்பாளத்தார், பர்மியர் எனப் பல தேசத்து இளைஞர்கள் அங்கே இருந்தனர். வாசலில் செருப்புகள் குவியலாய்க் கிடந்தன. கம்பிகளில் ஒரே நிறத்துச் சட்டைகள் உலர்ந்தன. ஒருவன் படிக்கட்டில் அமர்ந்து, கைப்பேசியில் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். எதிரே இருந்த கோப்பிக்கடையில் நாம் ஒரு தே தாரேக் கேட்டு அமர்ந்தோம். பக்கத்து மேசையில் நம் இளைஞர் மூவர். விடுதியைக் காட்டி, "இவனுங்க வந்துதான் ஊரே கெட்டுச்சு. ஒரு ரூம்புல இருபது பேரு. குளிக்க மாட்டானுங்க. குறைஞ்ச சம்பளத்துக்கு ஒத்துக்கிறானுங்க" என்று பேசிக்கொண்டனர்.

இச்சொற்கள் நமக்குப் புதியனவல்ல. நம் பாட்டனாரைப் பற்றிப் பிறர் இவற்றையே பேசினர். ஒரு லயத்து அறையில் இரு குடும்பம் வைத்தவன் ஒருவன்; நெருக்கத்திற்காகப் பழிக்கப்பட்டவன் மற்றொருவன். குறைந்த கூலி கொடுத்தவன் ஒருவன். வாங்கியதற்காக ஏசப்பட்டவன் மற்றொருவன். கூலி என்னும் நமது சொல் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஏறி, உழைப்பின் விலையைக் குறித்தது போய், உழைப்பவனையே இழித்துரைக்கும் பெயராயிற்று. மூலதனத்தைக் குறிக்கும் 'மோடால்' என்னும் மலாய்ச் சொல்லும் நமது 'முதல்' என்பதிலிருந்து வந்ததே. அது மட்டும் கௌரவமாய் வங்கிகளின் பலகையில் அமர்ந்திருக்கிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும். தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்ச வசதிகளுக்கென 1990-இல் ஒரு சட்டம் பிறந்தது. அது முதலில் தோட்டத்தையும் சுரங்கத்தையும் கருதியே எழுதப்பட்டது. 2019-இல் திருத்தம்பெற்று, 2020 முதல் மற்றத் தொழிலாளரையும் தழுவிற்று. லயத்துக்காக எழுதிய சட்டத்தின் நிழலில்தான் இந்த விடுதிவாசியும் இன்று இடம் கேட்கிறான். அவனும் நாமும் ஒரே வழக்கின் இரண்டு வாதிகள். இதை அந்த இளைஞர்களிடம் சொல்ல நாவெடுத்தோம். ஆனால், நமது தோட்டத்துச் செக்ரோலில் அயல்நாட்டுத் தொழிலாளரை நாமும் எண்ணால்தானே எழுதிவருகிறோம் என்ற நினைவு வந்து வாயை அடைத்தது. காசைக் கொடுத்துவிட்டு எழுந்தோம்.

பெரியவர் ஆலை வாயிலில், ஒரு சிறிய காவற்கூண்டில் இருந்தார். வெள்ளை மீசை, நீலச் சட்டை, கால்களில் கனத்த பூட்ஸ். நாம் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். உட்காரும்படி நாம் மன்றாடியபின்னரே உட்கார்ந்தார். வந்த காரியத்தைச் சொன்னோம். 'இல்லை' என்று எழுதியவர் நாமே என்பதையும் சொன்னோம். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். கோபித்திருந்தால் நமக்குச் சற்று இலேசாயிருந்திருக்கும். அவரோ பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் நான்காக மடித்த ஒரு காகிதம். நமது கடிதம்! நமது நான்கு வரி, நமது கையொப்பம், தோட்டத்து முத்திரை.

"இதை ஏன் பெரியவரே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"தோட்டத்து முத்திரை போட்ட காகிதம் என்கிட்ட இது ஒண்ணுதான் ஐயா. நான் அங்க இருந்ததுக்கு வேற என்ன இருக்கு?" என்றார்.

தாம் அங்கே இல்லை என்று சொன்ன கடிதத்தையே, தாம் அங்கே இருந்ததற்குச் சாட்சியாக அம்மனிதர் இரண்டாண்டுகள் மடியில் வைத்துக் காத்திருக்கிறார். நாம் புதிய கடிதத்தைக் கொடுத்தோம். மெதுவாய்ப் படித்தார். மூன்று ஆங்கில எழுத்துகளிலும் அவர் பெயரை எழுதி, இம்மூவரும் ஒருவரே என்று குறித்திருந்தோம். அதன்மேல் தமிழிலும் ஒருமுறை எழுதியிருந்தோம். அவர் விரல் அந்தத் தமிழ் எழுத்தின்மேல் சற்று நின்றது. "நான் அப்பவே சொன்னேன் ஐயா, 'ஞா'ன்னு. எழுதுனவங்க அவங்க காதுல விழுந்தத எழுதிட்டாங்க" என்றார். பழைய காகிதத்தைத் திருப்பித் தரும்படி கேட்டோம். அதைக் கிழித்துவிட வேண்டுமென்பது நமது ஆசை. அவர் கொடுக்கவில்லை. இரண்டையும் ஒன்றாய் வைத்து உறைக்குள் செருகிக்கொண்டார்.

அப்பொழுது வேலைநேரம் மாறிற்று. இளைஞர்கள் வரிசையாய் வாயிலுக்கு வந்தனர். ஒவ்வொருவன் கழுத்திலும் எண் பொறித்த அட்டை. ஆலையின் பதிவுப் புத்தகத்தில் பெரியவர் அந்த எண்களைக் குறித்தார். அதோடு நில்லாமல், சட்டைப்பையிலிருந்து மற்றொரு புத்தகத்தையும் எடுத்தார். நமது மளிகைக்கடைகளில் கடன் எழுதுவார்களே, அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு குறிப்புப் புத்தகம், அதுதான். அதில் ஏதோ பார்த்து, வருபவனைப் பெயர் சொல்லி அழைத்தார். அவன் சிரித்துத் தலையசைத்து உள்ளே போனான். மற்றொருவனை அழைத்தபோது அவன் நின்று, தன் பெயரைத் திருத்திச் சொன்னான். பெரியவர் இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, பேனாவால் ஏதோ மாற்றினார்.

வாங்கிப் பார்த்தோம். பக்கம் பக்கமாக, குண்டு குண்டான தமிழ் எழுத்தில், வங்காளப் பெயர்களும் நேப்பாளப் பெயர்களும் பர்மியப் பெயர்களும்! தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த எழுத்து. சில எழுத்துகளின் அடியில் சிறு கோடு இழுக்கப்பட்டிருந்தது. அது என்னவென்று கேட்டோம். "நம்ம எழுத்துல அந்தச் சத்தம் இல்லீங்க. 'ப'ன்னு எழுதினா இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம். அழுத்திச் சொல்ற இடத்துல கோடு போட்டுக்குவேன்" என்றார். இலக்கண ஆசிரியர்கள் கூடிப் பேசவேண்டிய காரியத்தை, காவற்கூண்டில் அவர் ஒருவராகவே தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

எதற்காக இந்த வேலை என்றோம். கிம் கிம் ஆற்றில் நஞ்சு கலந்த ஆண்டில், விடுதிப் பையன் ஒருவன் வாயிலருகே மயங்கி விழுந்தானாம். வண்டி வந்தது. பெயர் என்னவென்று கேட்டார்கள். அங்கு நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை. அட்டையில் எண் மட்டுமே இருந்தது. "நம்பரை ஏத்திக்கிட்டுப் போனாங்க ஐயா. பையன் பொழச்சு வந்துட்டான். ஆனா எனக்கு மனசு கேக்கல. பேரு தப்பாப் போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியுமில்ல" என்றார். நம்மைக் குத்திக்காட்டும் நோக்கம் அவருக்கு இல்லை. ஆயினும் அது குத்தவேண்டிய இடத்தில் குத்திற்று.

திரும்புங்கால் இருட்டிவிட்டது. தொட்டிகளின்மேல் விளக்குகள் எரிந்தன. வேலிகளும் துறைமுக மதிலும் மறைத்தபடியால், கடற்கரை நகரில் ஒரு பகல் முழுவதும் நடந்தும் கடலைச் சரிவரக் காணவில்லை. ஒரே ஓர் இடைவெளியில் மட்டும் நீரிணையும், அதற்கப்பால் சிங்கப்பூரின் ஒளியும் தெரிந்தன. இளமையில் நாள்தோறும் அந்த ஒளியை நோக்கியே போனோம். அதன் இக்கரையில் இருட்டில் கிடந்ததை இன்றுதான் பார்த்தோம்.

தோட்டத்து இளைஞர்களுக்கும் பட்டணத்து வாசகர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது சிறிது. நீங்கள் எழுதும் ஊரிலும், கடந்துபோகும் ஊரிலும் ஒரு நாள் இறங்கி நடந்து பாருங்கள். சிற்பமும் கோபுரமும் உள்ள ஊர்களுக்கு வழிகாட்டிப் புத்தகங்கள் உண்டு. ஆலை வேலிகளின் நடுவே நிற்கும் எட்டு முருங்கை மரங்களுக்கு வழிகாட்டி கிடையாது. நம்மவர் கொல்லை எதுவென்று நம்மவர்தாம் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கண்டுபிடித்தபின், இன்று அந்த இடத்தில் குடியிருப்பவன் பெயரையும் கேட்டறிய வேண்டும்.

பெரியவருக்குப் பணம் இன்னும் வந்து சேரவில்லை. மனு பரிசீலனையில் இருப்பதாய்த் தெரிவித்திருக்கிறார். நாம் செக்ரோலில் எண்ணுக்குப் பக்கத்தில் பெயர்களைத் தமிழிலும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். அழுத்திச் சொல்லும் எழுத்தின் கீழ்ப் பெரியவரின் கோட்டையும் இடுகிறோம். 'காணப்படவில்லை' என்று இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாம் அனுப்பிய கடிதங்களின் நகல்கள் ஒரு கோப்பில் கிடந்தன. எண்ணிப் பார்த்ததில் பத்தொன்பது இருந்தன. மாலைதோறும் பழைய ஏடுகளைப் புரட்டி, ஒரே பெயரை எல்லா எழுத்துகளின் கீழும் தேடி வருகிறோம். பெரியவரோடு சேர்த்து இதுவரை நால்வர் அகப்பட்டனர். மற்றவரில் ஒருவர் இப்போது மாசாயில் இருப்பதாகத் தெரிகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போகவேண்டும்.